‘நீ’ என்ற சொல்

இன்று மாலை, பாரிசின் வடக்குப் புறநகர் ரயில் நிலைய வாசலில், மூன்று இளைஞர்களை நிறுத்திக் காவலர்கள் அடையாள அட்டை கேட்டனர். பின்னால் வந்த என்னை எவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை; என் தோலும் கறுப்புத்தான், நரைத்த தலை காப்பாற்றியது போலும்.

காவலர் ‘நீ’ என்றார். அவர்கள் ‘நீங்கள்’ என்றார்கள். பிரெஞ்சிலும் நம் மொழியைப் போலவே இவ்விரு சொற்களுக்கும் இடையே ஒரு மதில் உண்டு.

ஒருவன், கேட்கும் முன்பே கைகளைச் சுவரில் ஊன்றிக்கொண்டான். எத்தனையாவது முறையோ!

2005 அக்டோபரில், பாரிசின் புறநகரான கிளிஷி-சூ-புவாவில், கால்பந்து ஆடிவிட்டுத் திரும்புகையில் காவலர்களுக்கு அஞ்சி ஓடிய இரு சிறுவர்கள், துணைமின்நிலையத்தில் ஒளிந்து மின்சாரம் தாக்கி இறந்தார்கள். அதையொட்டி மூன்று வாரங்கள் நீடித்த கலவரத்தில் எரிந்த வண்டிகளைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. தோற்றத்தை வைத்துச் சோதிப்பது அரசின் பெருந்தவறு என 2016இல் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

அட்டையைத் திருப்பிக் கொடுத்த காவலர், ‘போ’ என்றார்.