பத்துக்கு எத்தனை?

"வலி பத்துக்கு எத்தனை?" என்று போனில் அந்த நர்ஸ் இரண்டாம் முறை கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இங்கிலாந்தில் லீட்ஸுக்கு வந்து அப்போது எட்டு மாதம்தான். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டில் ஓரத்தில் குனிந்தபடி, இங்கே மருத்துவ ஆலோசனை கேட்கும் எண்ணான 111ஐக் கூப்பிட்டிருந்தேன்.

சுருக்கென்று குத்துகிறது, பிசைகிறது, முறுக்குகிறது, கடுக்கிறது, இழுத்துப் பிடிக்கிறது. வயிற்றுக்கு மட்டும் நம்மிடம் இத்தனை சொல் இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு எண்ணைச் சொல் என்றால்? "ஐந்து" என்றேன். அந்நியரிடம் வலியைக் குறைத்துச் சொல்லியே வளர்ந்தவள். அன்று அது ஒன்பது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று 111இல் கேட்கலாம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் தொப்புளைச் சுற்றித்தான் வலி ஆரம்பித்தது. வாயு என்று நானே முடிவு செய்து, பெருங்காயத்தைக் குழைத்துப் பற்றுப் போட்டு, ஓமம் கொதிக்க வைத்துக் குடித்தேன். சோறு இறங்கவில்லை. ஒரு மணிக்கு அம்மாவை அழைத்தேன். அங்கே விடிந்திருந்தது, வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது.

"ஆரம்பிச்ச எடத்துலயே இருக்கா, நகந்துச்சா?"

"வலது பக்கம் கீழ எறங்கிருச்சும்மா."

"எங்க, இருமு."

இருமினேன். உயிர் போய் வந்தது. "மாமாவுக்கும் இப்படித்தான். பெருங்காயத்தத் தொடச்சிட்டு டாக்டர்கிட்ட போடி."

எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு நர்ஸ் கேட்டதும் அதையேதான்: எங்கே ஆரம்பித்தது, நகர்ந்ததா, நடந்தால் இருமினால் கூடுகிறதா, காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா. உடனே அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார். அங்கே வந்த வரிசையில் கூப்பிடுவதில்லை, யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்குத்தான் முதலில். மறுநாள் குடல்வால் அறுவை முடிந்தது. மூன்று சின்னத் தழும்புகள்.

புதிதாக வரும் நம் பிள்ளைகளிடம் நான் கெஞ்சுவது இதுதான். எல்லாவற்றையும் வாயு என்று மூடி வைக்காதீர்கள். வலி திடீரென்று தாங்க முடியாமல் போனாலோ, வயிறு தொடவே விடாமல் வலித்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, காற்றும் பிரியாமல் வயிறு உப்பினாலோ, கர்ப்பமாக இருக்கும்போது கடுமையாக வலித்தாலோ காத்திருக்காதீர்கள். குடல்வால் வலி சட்டென்று அடங்கினால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம், உள்ளே வெடித்திருக்கலாம். மேல் வயிற்றில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் ஆம்புலன்ஸுக்கு 999ஐக் கூப்பிடுங்கள். எங்கள் தெருவில் கடை வைத்திருந்த பெரியப்பா வாயு என்று சோடா குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்தார். மாரடைப்பு. அந்தச் சோடா பாட்டில் திண்ணை ஓரத்தில் இரண்டு நாள் அப்படியே கிடந்தது.

இப்போது லீட்ஸ் பழகிவிட்டது. பஸ் நேரம், மழை, காலை எட்டு மணிக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்காகப் போனில் காத்திருப்பது எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் பெருங்காய டப்பாவைத் திறந்தால் போதும், அம்மாவின் சமையலறையில் நிற்கிறேன்.

போன வாரம் மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். "ஆறு" என்றான். பள்ளிக்கூடத்தில் கற்றிருக்கிறான். மடியில் போட்டு, எங்கே ஆரம்பித்தது என்று விரலால் காட்டச் சொன்னேன். "குத்துதா, பிசையுதா?"

"பிசையுதுன்னா என்னம்மா?"

அவன் உள்ளங்கையை என் கைக்குள் வைத்து, சப்பாத்தி மாவு போல மெதுவாகப் பிசைந்து காட்டினேன்.