"ல" போய் "வே" வந்த கதை

திருநெல்வேலி டவுனில் ஒரு அரிசிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். போன மார்கழியில் ஒரே லோடை நோட்டில் ரெண்டு தரம் ஏற்றிவிட்டேன். "பாத்து எழுதுங்க அண்ணாச்சி" என்பதோடு முதலாளி விட்டுவிட்டார். விடாதது எனக்குள் இருந்த ஆள்தான். "சவத்து மூதி, ஒனக்கு எதுக்குல பேனா?" ராத்திரி ரெண்டு மணிக்கும் இதே பாட்டு. பத்து நாளில் தூக்கம் போச்சு. கூட்டின கணக்கையே நாலு தரம் கூட்டிக்கொண்டிருந்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு மனநல ஆலோசகரைப் போய்ப் பார்த்தேன். மாத்திரை கிடைக்கும் என்று போனவனிடம் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார் அந்த அம்மா. செல்போனில் தினம் ஆறு அலாரம், நேரம் கண்டமேனிக்கு. அடித்ததும், அதற்கு ஒரு நொடி முன்னால் மனசில் என்ன ஓடியதோ அதை அப்படியே எழுதணும், நம்ம பேச்சிலேயே. ரஸல் ஹர்ல்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களிலேயே ஆட்களிடம் பீப்பர் கொடுத்து இப்படி எழுத வைத்தாராம். சிலருக்கு உள்ளே பேச்சே அவ்வளவாக ஓடாதாம், படமாகத்தான் வருமாம். கொடுத்து வைத்தவர்கள்.

முதல் வாரம் 42 குறிப்பு. நாளெல்லாம் திட்டு வாங்குகிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்? திட்டு ஒன்பதுதான். மற்றதெல்லாம் கரண்ட் பில், பசி, "இந்த மழ எப்ப விடும்" வகையறா. ஆனால் அந்த ஒன்பதிலும் "நான்" என்ற சொல்லே இல்லை. எல்லாம் "நீ", எல்லாம் "ல", சின்னப் பயலை அதட்டுகிற எங்க ஊர் "ல". வாசித்துக் காட்டும்போதே ஆள் பிடிபட்டுவிட்டது. பதிமூணு வயசில் பள்ளிக்கூட லீவுக்குப் பெரியப்பாவின் பலசரக்குக் கடையில் நின்றேன். துவரம்பருப்பைக் கீழே கொட்டினால் அவர் வாயில் வருவது இதேதான். கெட்ட மனுஷன் இல்லை, ராத்திரி கடை அடைத்ததும் அல்வா வாங்கித் தருவார். அவர் போய்ச் சேர்ந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. குரல் மட்டும் என்னிடம் வாடகை தராமல் குடியிருந்தது.

அந்த வாரமே இன்னொன்று. நாலு வயசு மகள் தனியே சோறு பொங்கி விளையாடிக்கொண்டிருந்தாள். சொப்பு கவிழ்ந்தது. "சவத்து மூதி, அறிவிருக்கால ஒனக்கு?" என்றாள், தனக்குத்தானே. நான் வாய்விட்டு முணுமுணுப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆலோசகரிடம் சொன்னேன். பிள்ளைகள் சத்தமாகத் தனக்குச் சொல்லிக்கொள்வதுதான் வளர வளர உள்ளே போய் மௌனப் பேச்சாகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930களில் எழுதியிருப்பதைச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அடுத்து, ஒவ்வொரு திட்டுக்கும் எதிரே ஆதாரம் எழுதும் வேலை. ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் வகுத்த வைத்திய முறையிலிருந்து வந்தது. பலருக்குப் பலிக்கிறதாம். எனக்கு? ஆதாரம் கேட்டால் பெரியப்பா பழைய பேரேட்டையே எடுத்துப் போடுவார். கண்ணாடி முன் நின்று "நான் திறமைசாலி" என்று சொன்னதில் சிரிப்புத்தான் வந்தது.

ஒரு நாள் அந்த அம்மா கேட்டார்: "ஒங்க கூட்டாளி இதே தப்பப் பண்ணியிருந்தா என்ன சொல்லுவீங்க?"

"என்னவே, ரெண்டு தரம் ஏத்திட்டீரு? ஒண்ண அடிச்சுட்டு எழுதும்."

"அதத்தான் எழுதணும்" என்றார். ஈதன் கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் குழுவின் 2014 ஆய்வையும் சொன்னார்: பதற்றமான நேரத்தில் "நான்" என்று யோசிப்பதை விட, தன்னைப் பெயர் சொல்லியோ "நீ" என்றோ கூப்பிட்டுப் பேசினவர்கள் நிதானமாக இருந்தார்களாம். நம்மூரில் வெறும் "நீ" போதாது. அதட்ட "நீ", "ல"; கூட்டாளியிடம் மரியாதையாகப் பேச "நீரு", "வே". "நீ"க்கும் "நீரு"க்கும் நடுவில் ஒரு ஆறே ஓடுகிறது.

திட்டை நிறுத்தப் பார்க்கவில்லை, நிறுத்தவும் முடியாது. அது வந்ததும் அதே சேதியை "வே" போட்டுத் திருப்பிச் சொல்வேன், அவ்வளவுதான். முதல் மாதம் நாடகம் போலிருந்தது. மூணாம் மாதம் சில நாள் தானாகவே வந்தது. தூக்கம் பாதி திரும்பியிருக்கிறது. கணக்கை இப்போது ரெண்டு தரம்தான் கூட்டுகிறேன்.

போன வாரம் சுலோசன முதலியார் பாலத்து நடுவில் ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்ந்தது. ஆத்துக் காத்து, பின்னால் பஸ் ஹாரன். "மூதி, காலையிலேயே போட்டிருக்கக் கூடாதால?" என்று ஆரம்பித்தது. பத்தடி தள்ளியிருப்பேன். "சரி வே, வண்ணார்பேட்டை கிட்டத்தான். தள்ளும்."