பிளக் பாயிண்டில் வந்த காற்று

அந்தக் கடிதத்தில் இரண்டு பட்டைகள் வரைந்திருந்தார்கள். சின்னது பக்கத்து வீடுகள், பெரியது நாங்கள். உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளைவிட நீங்கள் 41 சதவீதம் கூடுதலாக மின்சாரம் செலவழித்திருக்கிறீர்கள் என்று கீழே ரொம்பப் பணிவாக எழுதியிருந்தது. 2018 ஜனவரி பில்லோடு மின்சாரக் கம்பெனி அனுப்பியது.

பில் தொகையும் வலித்ததுதான். ஆனால் பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டார்கள் பாருங்கள், அதுதான் சுட்டது. நான் யார் மகள்? ராத்திரி பத்து மணிக்கு ஃபிரிட்ஜை அணைத்து, காலையில் பால் வந்த பிறகு போடுகிற மனிதரின் மகள். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது லட்சுமணன் கோடு. அதைத் தாண்டினால் கட்டணம் எகிறிவிடும் என்பதால் ஐம்பதாவது நாள் அப்பாவே நாற்காலி போட்டு ஏறி மீட்டரைப் பார்ப்பார். எண் சரியில்லை என்றால் அன்றிலிருந்து கணக்கெடுக்க ஆள் வரும் வரை மொத்தக் குடும்பமும் ஒரே ஃபேனுக்குக் கீழே படுக்க வேண்டும். ஃபேனுக்கு நேர் கீழே யார் என்பதில் எனக்கும் தம்பிக்கும் நடந்த சண்டைகளைத் தனியாகவே எழுதலாம்.

அன்று போனில் உளறிவிட்டேன்.

"எத்தன யூனிட்?" என்றார் அப்பா.

"2,100."

"வருசத்துக்கா?"

"மாசத்துக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நாங்க வருசம் முழுக்க எரிக்கது அதானே மக்ளே" என்றார். அதோடு பேச்சை மாற்றிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நாங்கள் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தோம். ஆரிகன் மாநிலம், போர்ட்லாந்துக்கு மேற்கே அலோஹா என்று ஒரு ஊர். பேர்தான் ஹவாய், மழை போர்ட்லாந்து மழை. 1974-இல் கட்டிய வீடு. சுவரோரம் நீளமான தகரப் பெட்டிகளாகப் பேஸ்போர்டு ஹீட்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் காபிக்குத் தண்ணீர் சுடவைக்கிற மின்கம்பிச் சுருள் ஒன்று ராட்சத அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் போட்டால் ஏப்ரலில்தான் அணைப்போம்.

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் எனர்ஜி டிரஸ்ட் ஆஃப் ஆரிகனைக் கேட்டுப் பார் என்றார். கரண்டை மிச்சம் பிடிக்க மானியம் தருவார்கள், ஆள் காட்டுவார்கள், லாப நோக்கமில்லாத அமைப்பு என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊரைவிட்டு வந்த எல்லாரும் முதலில் கற்கும் பாடம், இலவசம் என்று யாராவது வாயைத் திறந்தால் போனை வை என்பது. அப்பாவும் அதையேதான் சொன்னார். "விக்கிறவனே வந்து வாங்காதேன்னு சொல்லுவானா? எங்கியோ இடிக்கி."

இடித்தது எங்கே என்று பில்லைத் திருப்பிப் பார்த்தபோது தெரிந்தது. பொது நோக்கக் கட்டணம் என்று ஒரு வரி, அப்போது 3 சதவீதம். 1999-இல் மாநிலச் சட்டமன்றம் போட்ட சட்டம். பெரிய தனியார் மின் கம்பெனிகளின் வாடிக்கையாளர்களிடம் அதை வசூலித்து, அதில் பெரும்பகுதியைக் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு அமைப்பிடம் கொடுத்துவிட வேண்டும். கரண்டை மிச்சம் பிடிக்கும் வேலையை அவர்கள் பார்ப்பார்கள். அந்த அமைப்பு 2002-இல் தொடங்கியது, அதுதான் இது. ஆக இலவசமெல்லாம் இல்லை. நாங்கள் வாடகை வீட்டில் இருந்த நாளிலிருந்தே மாதாமாதம் கட்டிவந்த காசு. சீட்டு கட்டிவிட்டு எடுக்காமலே இருந்திருக்கிறோம்! இது தெரிந்ததும் மானம், சந்தேகம் எல்லாம் போய், கட்டின சீட்டை எடுத்தே தீருவது என்ற வைராக்கியம் வந்துவிட்டது.

அவர்கள் பட்டியலில் இருந்த ஒரு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டோம். வந்தவர் வாசல் கதவைத் திறந்து, நிலையில் ஒரு சட்டம் பொருத்தி, சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, துணியின் ஓட்டையில் பெரிய ஃபேன் ஒன்றை வைத்தார். நம்ம ஊர் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் புகையை வெளியே தள்ள ஒன்று இருக்குமே, அந்த மாதிரி. மற்ற ஜன்னல் கதவெல்லாம் சாத்தியாயிற்று. ஃபேன் வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே உறிஞ்ச ஆரம்பித்ததும் வீடு மூச்சு விட்டது. உண்மையாகவே. எங்கெல்லாம் சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று பீறிட்டு உள்ளே வந்தது. 50 பாஸ்கல் அழுத்தம், மணிக்கு 20 மைல் காற்று நாலு பக்கமும் ஒரே நேரத்தில் அடிப்பதற்குச் சமம் என்று விளக்கினார். எங்கள் ஊரில் ஆடி மாதத்தில் அது காற்று ஓய்வெடுக்கும் நாள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மச்சுக்கு ஏறும் மூடியைச் சுற்றிக் காற்று. கூரையில் பதித்த விளக்குகளைச் சுற்றிக் காற்று. பிறகு என்னைக் கூப்பிட்டு, சோபாவுக்குப் பின்னால் சுவரில் இருந்த பிளக் பாயிண்ட் பக்கம் கையை வைக்கச் சொன்னார். ஜில்லென்று ஒரு இழை, ஊசி போல. ஒரு ஊதுகுச்சிப் புகையைக் காட்டினார், அது நெளிந்து வளைந்து அறைப் பக்கம் ஓடியது. எண்ணைப் படித்தார்: நிமிடத்துக்கு 3,100 கன அடி காற்றுக் கசிவு. முகத்தைப் பார்த்தால் டாக்டர் ரிப்போர்ட்டைப் படிக்கிற மாதிரி இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "காத்துலேர்ந்து கரண்டு எடுக்கான்னு தெரியும். கரண்டு பாயிண்டுலேர்ந்து காத்தா?"

அவர் சிரிக்கலாம். எங்கள் ஊர் தோவாளை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்துத்தான் பஸ்ஸில் ஸ்கூலுக்குப் போனேன். எங்கள் வீடே காற்றுக்காகக் கட்டியது. அழி போட்ட ஜன்னல்கள் எதிரும் புதிருமாக, கதவுக்கு மேலே வெண்டிலேட்டர், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே குருவி வந்து போகிற அளவு இடைவெளி. தென்மேற்குப் பருவத்தில் காற்று வாசலில் நுழைந்து புழக்கடையில் போகும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மிக் குழவிக்குத்தான் அந்த மாதம் வேலை. கதவு அடித்துச் சாத்தாமல் இருக்க அம்மா அதை உருட்டிக்கொண்டு வந்து முட்டுக் கொடுப்பாள். விடியற்காலையில் காற்றோடு பூச்சந்தை வாசனை வரும், பிச்சியும் மரிக்கொழுந்தும். பெண் பார்க்க வந்தவர்கள், வீடு வாங்க வந்தவர்கள், சாவுக்கு வந்தவர்கள், எல்லாரும் உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வார்த்தை, "நல்ல காத்தோட்டமான வீடு".

அதே காற்றோட்டத்துக்கு இங்கே ஒருவர் எண் போட்டு, வியாதி என்கிறார்.

சரி, அடைத்தோம். சந்துகளுக்கு நுரை, கதவோரத்துக்கு ரப்பர், பிளக் பாயிண்டுக்குப் பின்னால் மெல்லிய பஞ்சுத் தகடு. சூடு கூரை வழியே போய்விடாமல் இருக்க மச்சில் செல்லுலோஸ். லாரியில் மெஷின் நிற்க, அங்கிருந்து தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை மேலே கொண்டுபோய்ச் சாம்பல் நிறத் துகளைப் பீய்ச்சினார்கள். கொஞ்சம் கீழே சிந்தியதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பழைய செய்தித்தாள். தீயும் பூச்சியும் அண்டாமல் இருக்கப் போரேட் உப்புக் கலந்து பொடியாக்கியிருக்கிறார்கள். ஒரு துணுக்கில் பாதி எழுத்துகூடத் தெரிந்தது. ஊரில் மாதக் கடைசியில் எடைக்குப் போட்டு, அந்தக் காசில் அம்மா ஈயச்சொம்பு வாங்கிய அதே சாமான்! இங்கே காசு கொடுத்துத் தலைக்கு மேல் ஒன்றரை அடிக்கு நிரப்பிவிட்டு வந்தேன்.

தகரப் பெட்டிகளுக்குப் பதில் ஹீட் பம்ப். ஃபிரிட்ஜைத் திருப்பி வைத்தது போல, வெளியே இருக்கும் குளிர்காற்றிலிருந்தே சூட்டைப் பிழிந்து உள்ளே கொண்டுவருகிறது. சூட்டை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு யூனிட் கரண்டில் இரண்டு மூன்று யூனிட் சூடு. மானியம் போகவும் கைக்காசு கணிசமாகத்தான் ஆனது, அதை மறைக்க மாட்டேன்.

கடைசியில் வந்தது பாருங்கள் வேடிக்கை. மறுபடி ஃபேன் வைத்து அளந்தார்கள். 1,900-க்கு இறங்கியிருந்தது. சபாஷ் என்றார். சொல்லிவிட்டு, வீடு இப்போது இறுக்கமாகிவிட்டது, உள்ளே ஈரம் தங்கும், சமையல் வாடை தங்கும், அதனால் குளியலறையில் சத்தமில்லாமல் நாளெல்லாம் ஓடுகிற ஒரு ஃபேன் போட்டுவிடுங்கள் என்றார். பணம் கொடுத்துக் காற்றை அடைத்தோம், அப்புறம் பணம் கொடுத்துக் காற்றாடி வைத்தோம். நான் பெருங்காயம் தாளித்த அன்று அவர் சொன்னதன் அருமை புரிந்தது. மறுநாள் ஆபீஸில் என் கோட்டும் தாளித்திருந்தது.

இதே ஊர்ப்பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணன் ஒருவருக்கும் சொன்னேன். கடைகளுக்கும் இது உண்டு. டியூப்லைட்டையெல்லாம் எல்இடி ஆக்கி, உறைபெட்டிகளின் தேய்ந்த ரப்பரை மாற்றினார். இப்போது முருங்கைக்காய் உண்மையான பச்சையில் தெரிகிறது, அதனால் வாடினதும் தெரிகிறது என்று ஒரே குறை.

எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது ஹூட் ரிவர் போனபோதுதான் புரிந்தது. கொலம்பியா ஆறு மலையை அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊர். 1970-களில் இந்த வடமேற்கு மாநிலங்களில் கரண்ட் தேவை ஏறிக்கொண்டே போகும் என்று கணக்குப் போட்டு, வாஷிங்டன் மாநிலத்தில் ஐந்து அணு உலைகள் கட்ட ஆரம்பித்தார்கள். ஓடியது ஒன்றுதான். இரண்டு உலைகளின் கடன் பத்திரங்கள் 1983-இல் திவால், 225 கோடி டாலர். அந்தச் சூட்டில்தான் மிச்சம் பிடித்த கரண்டும் ஒரு மின் நிலையம் மாதிரிதான் என்ற எண்ணம் இங்கே வேர் பிடித்தது. 1980-இலேயே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு, புது நிலையத்துக்கு முன்னால் சிக்கனத்தைப் பார் என்று சொல்லியிருந்தது. அதைச் சோதித்துப் பார்த்த ஊர் ஹூட் ரிவர். 80-களின் நடுவில் சுமார் 3,000 வீடுகளை வரிசையாக அடைத்துப் பஞ்சு வைத்தார்கள். எதிர்பார்த்த அளவு மிச்சமாகவில்லையாம். ஒரு காரணம், அந்த மக்களில் பலர் ஏற்கெனவே விறகு எரித்தும் குளிரைப் பொறுத்தும் கரண்டை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். படித்ததும் அப்பா நினைவு வந்தது. அவர் வீட்டில் போய் எந்த அமைப்பு எதை மிச்சம் பிடிக்கும்?

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு காரைவிட்டு இறங்கினேன். கார்க் கதவைக் காற்று பிடுங்கியது. கடற்கரைப் பக்கம் குளிர், உள்நாட்டில் வெயில், நடுவே மலையில் ஒரே ஒரு இடைவெளி. துப்பட்டாவைக் காணோம். இன்னும் கிழக்கே போனால் கோதுமை மேடுகளில் காற்றாலைகள், வரிசையாக, வெள்ளையாக. என் வீட்டுக்காரர் படம் எடுக்கலாம் என்றார். நான் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். கண்ணில் தூசி என்றேன்.

வீட்டைக் குறை சொல்லவும் முடியாது. 2021 ஜூன் 28 அன்று போர்ட்லாந்தில் 46.7 டிகிரி. நாகர்கோவிலில்கூட நான் அப்படி ஒரு வெயிலைக் கண்டதில்லை. ஏசி இல்லாத வீடுகளில் எத்தனையோ வயசாளிகள் இறந்துபோனார்கள். அன்று நாங்கள் அடைத்த வீட்டுக்குள், அதே ஹீட் பம்ப் குளிர்காற்றைத் தர, மோர் குடித்துக்கொண்டு இருந்தோம். பழகிவிட்டது என்று அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னேன்.

2023-இல் அப்பா வந்தார், அம்மாவின் நூல் சேலைகள் நாலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு. எதுக்காவது ஆகும் என்றார். மச்சில் இருக்கும் பேப்பரைப் பார்த்தே தீருவேன் என்று ஏணியில் ஏறினார். மீட்டரைத் தினமும் போய்ப் பார்த்தார். ஃபிரிட்ஜைச் சுவரோடு சேர்த்து வைத்ததால் சுவிட்சை எட்ட முடியாமல் தவித்தார். எல்லாம் சரி, மூன்றாம் நாள் விடிகாலையில், "மூச்சு முட்டுது மக்ளே, காத்தே இல்ல" என்றார். குளியலறை ஃபேனைக் காட்டி விளக்கினேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் போன பிறகு அந்த அறையைச் சுத்தம் செய்யப் போனேன். ஜன்னல் ஒரு விரல் கனத்துக்குத் திறந்திருந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க, செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி அண்டக்கொடுத்திருந்தார். ஆறு வாரமும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

இந்த ஜனவரியில் வந்த கடிதத்தில் எங்கள் பட்டை பக்கத்து வீடுகளைவிடச் சின்னது. போனில் சொன்னேன்.

"யூனிட்டு எத்தன?"

"680."

"ம். அந்த ஜன்னல மட்டும் அடைச்சிராத."

அடைக்கவில்லை. அந்த அறைக்கு வரும் சூட்டை நிறுத்தி, கதவைச் சாத்தி, கதவடிச் சந்தில் அம்மாவின் சேலை ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.