எஃப்ஐஆர்னா போலீஸ் கேஸ் இல்லம்மா

ஷார்ஜால வேலைக்கு சேர்ந்த புதுசு. ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட்ல அம்மாகிட்ட போன் பேசிட்டு இருக்கேன், பக்கத்து சீட் மதுரைக்காரன் ஏதோ கேட்டான், நான் அவன் பக்கம் திரும்பி "அது மஸ்கட் எஃப்ஐஆர்ல மாட்டிருக்குடா, காலைலகுள்ள முடிச்சிடலாம்"னு சொல்லிட்டு மறுபடி போனை காதுல வெச்சா அம்மா அழுதுட்டு இருக்காங்க. "ஏலே, என்னத்த பண்ணித் தொலச்ச, யாருல எஃப்ஐஆர் போட்டது"ன்னு. தூத்துக்குடில எஃப்ஐஆர்னா ஒண்ணுதான். எங்க ஆபீஸ்ல அது ஃப்ளைட் இன்ஃபர்மேஷன் ரீஜன், உலகத்து வானம் மொத்தத்தையும் வயல்ல பாத்தி கட்டற மாதிரி கட்டி, இந்த பாத்திக்குள்ள பறக்கற விமானத்த நீ பாத்துக்கோ, அந்த பாத்திய அவன் பாத்துக்கட்டும்னு பிரிச்சு வெச்சிருக்கறது. இத புரிய வைக்கறதுக்குள்ள அரைமணி நேரம் ஆச்சு, அப்பவும் பாதிதான் நம்புனாங்க.

என் வேலை பர்மிட் டெஸ்க். பெரிய ஏர்லைன்ஸ்ல இதுக்குன்னு தனி டிபார்ட்மென்ட் இருக்கும், நாலஞ்சு பழைய கார்கோ விமானம் மட்டும் வெச்சு ஓட்டறவங்களும் பிரைவேட் ஜெட்காரங்களும் எங்கள மாதிரி கம்பெனிகிட்ட குடுத்துடுவாங்க. போற வழில எத்தனை நாடு வருதோ அத்தனை நாட்டுகிட்டயும் "உங்க தலைக்கு மேல பறந்துக்கறோம்"னு கேட்டு நம்பர் வாங்கணும். விமானம் என்ன மாடல், ரெஜிஸ்ட்ரேஷன் என்ன, எவ்வளவு எடை, எந்த பாயின்ட்ல எத்தனை மணிக்கு நுழையும், எங்க வெளிய போகும், உள்ள என்ன சரக்கு, எல்லாம் எழுதணும். சில நாட்டுல ஈமெயில் போட்டா ரெண்டு மணி நேரத்துல பதில் வரும், சில இடத்துல லோக்கல் ஏஜென்ட் நேர்ல போய் நின்னாதான் காகிதம் நகரும். இதுல ஒருத்தனுக்கு வெள்ளி சனி லீவு, இன்னொருத்தனுக்கு சனி ஞாயிறு, ஆக வாரத்துல மூணு நாள் யாராவது ஒருத்தர் போன் எடுக்க மாட்டாங்க.

வேடிக்கை என்னன்னா, சட்டப்படி பாத்தா எங்க வேலைல பெரும்பகுதி தேவையே இல்ல. 1944-ல சிக்காகோல போட்ட ஒப்பந்தம்தான் சிவில் விமானத்துக்கெல்லாம் அடிப்படை. முதல் பிரிவே, ஒரு நாட்டோட நிலத்துக்கு மேல இருக்கற வானம் முழுசா அந்த நாட்டுக்கு மட்டும்தான்னு அடிச்சு சொல்லிடுது. ஆனா 5-ம் பிரிவுல, அட்டவணை போட்டு ஓடாத விமானம் முன்கூட்டி அனுமதி வாங்காமலே மேல பறந்து போகலாம்னும் இருக்கு. படிச்சுட்டு சந்தோஷப்பட்டு மேனேஜர்கிட்ட போய் சொன்னேன், அவர் சிரிச்சுட்டு "தம்பி, அந்த பேப்பர காட்டி ஒரு ஃப்ளைட்ட அனுப்பிப் பாரு, என்ன ஆகுதுன்னு பாப்போம்"னார். அந்த பிரிவுலயே நாலஞ்சு வால் இருக்கு, ஒவ்வொரு நாடும் அதுல ஒரு வாலப் புடிச்சுக்கிட்டு பர்மிட் கேக்கும்.

லீவுல ஊருக்கு வந்தப்போ இத தாய்மாமாகிட்ட சொல்லிட்டு இருந்தேன். அவர் சரக்குக் கப்பல்ல இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவர். "என்ன மருமவனே, ஊர் ஊருக்கு கையக் கட்டி நிக்கிய, எங்களுக்கு அந்த சோலியே கிடையாதுல்லா"ன்னார். கரைல இருந்து 12 கடல் மைல், அதாவது கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர் வரைக்கும் கடல் அந்த நாட்டுக்கு சொந்தம், 1982 ஐநா கடல் சட்டம் அப்படித்தான் சொல்லுது. ஆனாலும் அதுக்குள்ள அடுத்த நாட்டுக் கப்பல் போகலாம். "நிக்கப்படாது, மீன் பிடிக்கப்படாது, துப்பாக்கி கிப்பாக்கி எடுத்து வெளயாடப்படாது, பேசாம நம்ம வழியப் பாத்து போய்ட்டே இருக்கணும், அம்புட்டுதான்." இதுக்கு இன்னசன்ட் பாசேஜ்னு பேரு. நீர்மூழ்கி கூட போகலாம், ஆனா மேல வந்து கொடிய காட்டிட்டு போகணும். விமானத்துக்கு இந்த சலுகை கிடையாது, அதே 12 மைல் கடலுக்கு மேல கேக்காம நுழையக் கூடாது. ஜலசந்தில மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு, அது தனிக் கதை.

ஏன் இந்த ஓரவஞ்சனைன்னு மாமா கேக்கல, எனக்குதான் உறுத்துச்சு. முதல் உலகப் போர்ல மேல இருந்து குண்டு விழுந்து பாத்த பிறகு எந்த நாட்டுக்கும் தலைக்கு மேல போறவன நம்ப மனசு வரல, 1919-லயே பாரிஸ்ல ஒரு ஒப்பந்தம் போட்டு வானத்த பூட்டிட்டாங்க. ஆனா நம்ம மெட்ராஸ் மேல குண்டு போட்டது விமானம் இல்லையே, 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஹார்பர்ல எண்ணெய் டேங்க கொளுத்துனது ஜெர்மன்காரனோட எம்டன் போர்க்கப்பல்தான? அது பேரு இன்னைக்கும் நம்ம வாய்ல "ஆளு எம்டன்டா"ன்னு ஓடுது. அப்பேர்ப்பட்ட கப்பல் ஜாதிக்கு சலுகை, நம்ம கார்கோ விமானத்துக்கு ஃபார்ம்.

அந்த ஃபார்ம்ல ஒரு எழுத்து விட்டா என்ன ஆகும்னு நானே அனுபவிச்சேன். ஆப்பிரிக்காவுக்கு ஒரு சரக்கு, ஜெனரேட்டர் பார்ட்ஸ். கிளம்பறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி அந்த விமானத்துல ஏதோ ரிப்பேர், அதே மாடல்ல இன்னொன்ன போட்டாங்க, ரெஜிஸ்ட்ரேஷன்ல கடைசி எழுத்து மட்டும்தான் வேற. வழில அஞ்சு நாடு. நாலுக்கு ரிவிஷன் அனுப்பிட்டேன், அஞ்சாவதுக்கு அனுப்புனதா நினைச்சுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டேன், டிராஃப்ட்லயே கிடந்திருக்கு. ஃப்ளைட் பிளான்ல கூடுதல் விவரம் எழுதற 18-ம் ஐட்டத்துல புது ரெஜிஸ்ட்ரேஷனும் இருக்கு, பழைய விமானத்துக்கு வாங்குன பர்மிட் நம்பரும் இருக்கு, பாக்கறவனுக்கு ரெண்டும் ஒட்டல. பார்டர் பாயின்ட்டுக்கு பத்து நிமிஷம் இருக்கறப்போ அந்த நாட்டு கன்ட்ரோலர், உனக்கு அனுமதி இல்ல, உள்ள வராதன்னு சொல்லிட்டார். கேப்டன் ஒரு உக்ரைன்காரர், சாட்டிலைட் போன்ல கூப்பிட்டு ரொம்ப நிதானமா "நான் இங்க வட்டம் போட்டுட்டு இருக்கேன், நீ என்ன பண்ணிட்டு இருக்க"ன்னு கேட்டார். அன்னைக்கு வெள்ளிக்கிழமை. அந்த நாட்டு ஏவியேஷன் ஆபீஸ் டியூட்டி நம்பருக்கு நானும் மதுரைக்காரனும் மாத்தி மாத்தி அடிச்சோம், ரிங் போகுது போகுது, கட் ஆகுது. இருபத்தஞ்சு நிமிஷம் சுத்துனார், அதுக்கு மேல எரிபொருள் கணக்கு இடிக்கும்னு திரும்பி முந்தின நாட்டுல இறங்குனார், க்ரூவுக்கு டியூட்டி நேரம் முடிஞ்சு போச்சு, சரக்கு அடுத்த நாள்தான் போச்சு. எனக்கு வார்னிங் லெட்டர். அந்த கன்ட்ரோலர் மேல கோவமா வந்துச்சு, ஒரு எழுத்துக்கு இப்படியான்னு, ஆனா ராத்திரி யோசிச்சா அவர் பண்ணது சரிதான். அவர் ஸ்கிரீன்ல தெரியறது, பேப்பர்ல இல்லாத ஒரு விமானம் எங்க வீட்டு வாசலுக்கு வருது, அவ்வளவுதான்.

அன்னைல இருந்து எனக்கு இறையாண்மைன்னா கொடியோ தேசிய கீதமோ ஞாபகம் வர்றதில்ல, அந்தப் பக்கம் போன் எடுக்கறது யாருங்கற கேள்விதான் வருது. சோமாலியாவ எடுத்துக்கோங்க. உள்நாட்டுப் போர்ல அரசாங்கமே இல்லாம போன நாடு, ஆனா ஐரோப்பாவுக்கும் இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்கும் போற விமானம் அதுக்கு மேலதான் பறக்கணும். வானம் சோமாலியாவுது, ஆனா 1996-ல இருந்து கென்யாவுல, நைரோபில உக்காந்து ஐநா ஏற்பாட்டுல ஆளுங்க ரேடியோல பதில் சொன்னாங்க. 2017 கடைசிலதான் அந்த வேலை மொகடிஷுவுக்கே திரும்பிப் போச்சு. 21 வருஷம் மேல் வீட்ட பக்கத்து வீட்டுக்காரன் பாத்துக்கிட்ட மாதிரி.

அதே 2017-ல இதுக்கு நேர் தலைகீழ் ஒண்ண பக்கத்துலயே பாத்தேன். ஜூன் 5 காலைல ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு கிளம்புற நேரம், ஒண்ணு பின்னாடி ஒண்ணா நோட்டாம், அதாவது விமானம் ஓட்டறவங்களுக்கு வர்ற அவசர அறிவிப்பு, வந்து விழுது. சவுதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நாலும் கத்தார் ரெஜிஸ்ட்ரேஷன் விமானத்துக்கு வானத்த மூடிட்டாங்க. கத்தார் பணக்கார நாடு, உலகத் தரத்துல ஏர்போர்ட் இருக்கு, ஆனா சொந்தமா ஒரு எஃப்ஐஆர் கிடையாது, அது மொத்தமா பஹ்ரைன் எஃப்ஐஆருக்குள்ள உக்காந்திருந்துச்சு. சார்ட்ட எடுத்து மேஜைல விரிச்சு நாங்க நாலு பேரும் சுத்தி நின்னு பாக்கறோம், கத்தார்காரன் எந்தப் பக்கம் தலைய நீட்டுனாலும் அடுத்தவன் பாத்தி.

இங்கதான் சட்டத்துல ஒரு நுணுக்கம் இருக்கு. 12 மைலத் தாண்டுன கடலுக்கு மேல இருக்கற வானம் யாருக்கும் சொந்தம் இல்ல, ஆனா எஃப்ஐஆர் கோடு அங்கயும் போகும். நம்ம சென்னை எஃப்ஐஆரே வங்காள விரிகுடால ரொம்ப தூரம் ஓடுது, அதுக்காக அந்தக் கடல் நம்மளோடது ஆயிடாது. ஊர்ப் பொதுக் கிணறுன்னு வைங்க, தூர் வாரி சுத்தமா வெச்சுக்கறது ஒரு தெருக்காரங்க பொறுப்பு, தண்ணி எல்லாருக்கும். ஆனா நடைமுறைல வாளியும் கயிறும் அந்த தெருக்காரங்க வீட்ல இருக்கும்ல, சண்டை வந்தா தெரியும். சிவில் விமானத்துக்கான ஐநா அமைப்பு ஐகாவோகிட்ட கத்தார் போச்சு, பொதுக் கடலுக்கு மேல சில மாற்றுப் பாதை கிடைச்சுது. மத்தபடி விமானமெல்லாம் ஈரான் பக்கமா நெருக்கியடிச்சுப் போச்சு. ஆப்பிரிக்காவுக்குப் போற கத்தார் விமானம் மேற்க போறதுக்கு முதல்ல கிழக்க போய் சுத்தணும், மேப்ல பாத்தா பாவமா இருக்கும். எங்களுக்கும் வேலை கூடிச்சு, வேற நாட்டு ரெஜிஸ்ட்ரேஷனா இருந்தாலும் தோஹா போகுதுன்னா க்ரூ யாரு எந்த ஊரு, உள்ள என்னன்னு கூடுதல் பேப்பர். கேஸு ஹேக்ல சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, 2020 ஜூலைல அவங்க சொன்னது, ஐகாவோ கவுன்சில் இத விசாரிக்கலாம், அதுக்கு அதிகாரம் உண்டுன்னு மட்டும்தான். யார் பக்கம் நியாயம்ங்கற இடத்துக்கு வண்டி வரவே இல்ல, 2021 ஜனவரில அவங்களே சமாதானம் ஆகி வானத்த திறந்துட்டாங்க. மூணரை வருஷம் சுத்துனதுக்கு கோர்ட்டு சொன்னது, எங்க கேக்கணுமோ அங்க கேளுன்னு.

நம்ம பக்கமும் இது நடந்துச்சே. 2019 பிப்ரவரி 27-ல பாகிஸ்தான் வானத்த மூடிட்டு ஜூலை 16-லதான் முழுசா திறந்தாங்க, அதுல ஏர் இந்தியாவுக்கு மட்டும் ஜூலை 2 வரைக்கும் 491 கோடி நஷ்டம்னு பாராளுமன்றத்துல சொன்னாங்க. இண்டிகோ டெல்லில இருந்து இஸ்தான்புல் போறதுக்கு நடுவுல தோஹால இறங்கி எரிபொருள் போட்டுக்கிச்சு, ரெண்டு வருஷமா பக்கத்து வீட்டு வானமெல்லாம் மூடிக் கிடந்த அதே தோஹால. இதப் பாத்து ஆபீஸ்ல நாங்க சிரிச்ச சிரிப்பு பைலட் யாருக்கும் கேட்டிருக்காது. 2025 ஏப்ரல்ல திரும்பவும் அதே கதை, நாமளும் மூடிட்டோம்.

நான் 2019 கடைசில சென்னைக்கே வந்துட்டேன், இதே மாதிரி வேலைதான், நைட் ஷிஃப்ட் கொஞ்சம் கம்மி. 2022-ல ஐகாவோ சம்மதத்தோட தோஹா எஃப்ஐஆர்னு ஒண்ணு புதுசா வந்துச்சு, செப்டம்பர்ல அமலுக்கு வந்தப்போ எங்க எக்செல் ஷீட்ல பஹ்ரைனுக்கு கீழ ஒரு வரி இன்சர்ட் பண்ணது நான்தான். அன்னைக்கு சாயங்காலம் ஊருக்கு போன் பண்ணப்போ அம்மாகிட்ட "கத்தாருக்கு சொந்தமா எஃப்ஐஆர் வந்துட்டும்மா"ன்னு சொன்னேன்.

"யாரு மேலல?"ன்னாங்க.