இரண்டாம் மாடி பெஞ்சு

நவம்பர் 18, செவ்வாய்

இன்றும் ‘நாளைக்கு’ மட்டும்தான்.

நவம்பர் 19

காபி வேணுமா? நாளைக்கு. கால் வலிக்குதா? நாளைக்கு. நான் யாரும்மா? முகத்தை உற்றுப் பார்த்து, தெரிந்துகொண்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து, நாளைக்கு. அப்புறம் அழுகிறாள். ராத்திரி பத்து மணிக்கு அண்ணன் போனில் “பேசினாங்களா?” என்றான். இடது பக்க மூளையில் அடைப்பு வந்தால் சில பேருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சும் என்று டாக்டர் சொன்னதைத் திரும்பவும் சொன்னேன். அவனுக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நவம்பர் 21, வெள்ளி

லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருப்பதால் ஆட்டோ சந்து சந்தாகச் சுற்றியது. பத்தரைக்குப் போக வேண்டியவர்கள் பத்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில் பெஞ்சு நிறைந்திருந்தது. ஓரத்திலிருந்த பெரியவர் எழுந்து அம்மாவுக்கு இடம் விட்டார். நன்றி சொல்ல நிமிர்ந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன்.

அவர்!

பெயரை எழுத மாட்டேன். வைத்தியத்துக்கு வந்த இடம். டோக்கன் 14ஐக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும்போல உட்கார்ந்திருந்தார். அவருக்கடுத்து நாங்கள், 15.

அம்மாவிடம் அவருடைய வயலின் கேசட் ஒன்று இருந்தது. சமைக்கும்போது அதுதான் ஓடும். 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் ஜாபர்கான்பேட்டை வீட்டுக்குள் இடுப்பளவு வந்தபோது பீரோவோடு அதுவும் போனது. தண்ணீர் வடிந்தபிறகு அம்மா அந்த நாடாவை உருவி எடுத்து மொட்டைமாடிக் கொடியில் நாலு நாள் காயப்போட்டாள். சேறு போகவே இல்லை. அந்தக் கேசட்காரர் அவளுக்கு எழுந்து இடம் விட்டிருக்கிறார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது.

நவம்பர் 22

அம்மாவுக்கு அவரை அடையாளம் தெரிந்ததா?

நவம்பர் 23, ஞாயிறு

அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். மேல்வீட்டுப் பெண் கீதம் சாதகம் பண்ணினாள், பாட்டு கற்றுக்கொள்ளும் எல்லோரும் ஆரம்பத்தில் பாடும் ‘வர வீணா’. என் கைக்குக் கீழே அம்மாவின் கழுத்து அதிர்ந்தது. பாடுகிறாள். “வர வீணா”. சொல்லோடு! மூன்று வாரத்தில் ‘நாளைக்கு’ தவிர முதல் சொல். சீப்பு கையிலிருந்து விழுந்துவிட்டது.

அண்ணனிடம் சொன்னேன். “பேச்சுன்னு கணக்கா?” என்றான். கோபம் வந்தது. ஆனால் எனக்கும் அதே கேள்விதான்.

நவம்பர் 25, செவ்வாய்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். பேச்சை நடத்துவது பெரும்பாலும் இடது பக்கம், பாட்டில் வலது பக்கத்துக்கும் பங்குண்டு, அது அம்மாவுக்கு நன்றாக இருக்கிறது என்றாள். அந்த வழியாகச் சொல்லை வரவழைக்க ஒரு முறை இருக்கிறதாம், 1973இல் அமெரிக்காவின் பாஸ்டனில் உருவாக்கியது. ஒரு மேல் சுரம், ஒரு கீழ் சுரம், இரண்டே போதும். ஒவ்வொரு அசைக்கும் நோயாளியின் இடது கையைத் தட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கலாம் என்றாள்.

வெளியே அவர் இருந்தார். இன்றைக்குப் பேசிவிட்டேன். அம்மாவைப் பற்றி, கேசட்டைப் பற்றி, கீதத்தைப் பற்றி, மூச்சு விடாமல். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் இடது கையில் களிமண் மாதிரி ஒரு மஞ்சள் உருண்டை. அதைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஆள்காட்டி விரல் நுனியில் கம்பி அழுந்திய கோடு, காய்த்துப்போய், நகத்தால் கீறியதுபோல் நேராக இருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் உருண்டைக்குள் இறங்கவே இல்லை, மேலேயே வழுக்கின. முழங்கை உள்பக்கத்தில் நரம்பு அழுந்துகிறதாம்.

“மோதிர விரலுக்குக் கம்பி தெரியலம்மா” என்றார்.

மார்கழிக்கு மூன்று வாரம் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

முழுதும் எழுதிவிட வேண்டும், மறந்துவிடக் கூடாது.

அந்தப் பெண் அம்மாவின் இடது கையைப் பிடித்து மேலிருந்து கீழாக “தண்-ணி” என்று பாடினாள். அம்மா: நாளைக்கு. மறுபடியும் பாடினாள். நாளைக்கு. பத்து தடவையாவது இருக்கும். அம்மா கையை உருவிக்கொண்டாள். திரைக்கு வெளியேயிருந்து குரல் வந்தது. “உள்ள வரலாமா?”

அவர் நின்றபடியே சொன்னார். “கீழேயிருந்து மேல போங்கம்மா. அவங்க கீதம் மோகன ராகம். ‘வர’ ரெண்டும் காந்தாரம், ‘வீணா’ ரெண்டும் பஞ்சமம். கக, பாபா. உங்களுக்கு வேண்டிய ரெண்டு சுரம் அதுலயே இருக்கு. அதே இடத்துல ‘தண்ணி வேணும்’ வெச்சுப் பாருங்க.”

பாடிக் காட்டினார். பெரிய குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. தண்ணி, க க. வேணும், பா பா. அச்சாக உட்கார்ந்தது. அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். அம்மா அவரையே பார்த்தாள். சொல் வரவில்லை. ஆனால் இடது கை தானாக நாலு தட்டு தட்டியது.

டிசம்பர் 2

மழை. ஆட்டோ இல்லை, பயிற்சி இல்லை. ‘வர வீணா’ நாற்பது தடவை பாடினோம்.

டிசம்பர் 3

கார்த்திகை தீபம். இடது கையால் ஓர் அகல் ஏற்றினாள். போதும்.

டிசம்பர் 5, வெள்ளி

“வர வேணும்.”

அம்மா சொன்னாள். பாடினாள். சொன்னாள்.

தண்ணியும் வீணாவும் கலந்து குழம்பிவிட்டது, இந்த நோயில் அப்படி ஆகும் என்று அந்தப் பெண் சொன்னாள். நல்ல அறிகுறிதானாம். இருக்கலாம். ஆனால் அம்மா அதைச் சொல்லும்போது வாசலைப் பார்த்தாள். மூன்று தடவையும் வாசலைத்தான் பார்த்தாள். யார் வர வேணும்? அப்பா போய் ஆறு வருஷம். அண்ணனா? பெஞ்சில் அவரிடம் கேட்டேன், பைத்தியம் மாதிரி. உருண்டையைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “அவங்க சரியான இடத்துலதான் சொல்லியிருக்காங்க. சுருதி விலகல” என்றார்.

டிசம்பர் 6

யார் வர வேணும்?

டிசம்பர் 9, செவ்வாய்

போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மா வாயருகே வைத்தேன். பாடினாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. பேசினாங்களா என்று இன்று அவன் கேட்கவில்லை.

லஸ் முனையில் சபா போஸ்டர் ஒட்டியிருந்தது. வயலின் என்பதற்கு எதிரே அவர் பெயர்தான் அச்சாகியிருக்கிறது.

டிசம்பர் 12, வெள்ளி

அவர் வரவில்லை. டோக்கன் கொடுக்கும் அக்காவிடம் கேட்டேன், தெரியாது என்றாள். அம்மா அவர் உட்காரும் ஓரத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள். யாரையும் உட்கார விடவில்லை.

டிசம்பர் 14

அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டான். 21ஆம் தேதி காலை வருகிறான்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்தது. டோக்கன் 9. பெஞ்சு ஓரம் காலி. அம்மா பாட்டிலைக் காட்டி, இடது கையால் தட்டி, “தண்ணி” வரை வந்தாள்.