வளைவில் புல் வெட்டிய நாள்

"வெட்டுறதுன்னா தையில வெட்டுங்க சேர். இப்ப வேணாம்."

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே உள்ள வளைவில் நின்று அந்த அக்கா இதைச் சொன்னது புரட்டாசிக் கடைசியில். நான் சொன்ன பதிலும் அப்படியே நினைவிருக்கிறது. "டிரைவருக்குக் கண்ணு தெரியணும் அக்கா. மரைக்காக ரோட்டை மூடி வைக்க ஏலாது." அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான் சேர்" என்று சொல்லிவிட்டு புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தச் 'சரிதான்' எனக்குப் போதுமாக இருந்தது. மெஷினைப் போடச் சொன்னேன்.

நான் சொன்னதில் பிழை இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நுவரெலியாவுக்குக் கிட்ட ஹக்கலைப் பக்கம் வீதியோரத்தைத் துப்புரவாக வைப்பது என் பொறுப்பு. அந்த வளைவில் புல் ஆள் உயரத்துக்கு நின்றது. எதிரே வரும் வேனே தெரியாத இடத்தில் காட்டிலிருந்து இறங்கும் மரை எப்படித் தெரியும்? புத்தகங்களில் கடமான் என்று போட்டிருப்பார்கள், எங்களுக்கு மரைதான். வளர்ந்த கிடா 200 கிலோவுக்கு மேலும் போகும். பொழுது சாய்ந்தால் லயத்து மரக்கறித் தோட்டங்களுக்கு இறங்கிவிடும். மோட்டார் சைக்கிளில் போகிறவன் அதில் மோதினால் சுவரில் மோதிய மாதிரி.

ஆனால் அக்கா இரண்டு மாடு வளர்க்கிறவர். எந்தப் புல்லை எப்போது அறுத்தால் எத்தனை நாளில் எழும்பும் என்று அவருக்குத் தெரியும். தையில் பனி கருக்கும், வெட்டிய புல் லேசில் எழும்பாது. ஐப்பசி மழைக்கு முன்னால் வெட்டினால் பதினைந்தே நாளில் பச்சைக் குருத்து. காட்டுக்குள் முற்றிய புல்லைத் தின்னும் மரைக்கு நாங்களே ரோட்டோரம் பந்தி விரித்த மாதிரிதான்.

இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். வீதியோர வடிகானுக்குள் ஈர மண்ணில் இரண்டாகப் பிளந்த குளம்படிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. என் நாலு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன், ஏறக்குறைய அந்த அகலம். கான் ஓரத்துக் குருத்தெல்லாம் நுனி கடிபட்டிருந்தது. பக்கத்திலேயே சின்னக் குளம்பும் இருந்தது, குட்டியாக இருக்க வேண்டும். மரை கடக்கும் இடம் என்று ஒரு எச்சரிக்கைப் போர்டு கேட்டு எழுத வேண்டும் என்று அப்போது நினைத்தேன். எழுதவில்லை. புல்லை வெட்டியதற்கு என்னிடம் நியாயம் இருக்கிறது. குளம்படியைப் பார்த்த பிறகும் எழுதாமல் இருந்ததற்கு என்ன நியாயம் சொல்வது?

தீபாவளிக்கு இரண்டு நாள் முந்தி, கொழும்பில் கடையில் வேலை செய்யும் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். அக்காவின் தங்கை மகன். இரவு ஒன்பது மணி, நல்ல பனிமூட்டம். காலில் இரண்டு இடத்தில் முறிவு. விடிந்து நான் போனபோது பெண் மரை கானுக்குள் கிடந்தது. உடைந்த ஹெட்லைட்டின் விளிம்பில் அதன் முரட்டு மயிர் ஒரு கொத்து சிக்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவனிடம் கேட்டேன், தெரியவில்லையா தம்பி என்று. "தெரிஞ்சிச்சு சேர். குட்டி ரோட்டைத் தாண்டி நின்னிச்சு, நல்லாப் பார்த்தேன். போயிரலாம்னு வந்தேன். பின்னால தாய் வந்ததைத்தான் பார்க்கல."

நல்லாப் பார்த்தேன் என்றான். அதற்காகத்தானே வெட்டினேன். புல் நின்றிருந்தால் அவன் அந்த வளைவில் மெதுவாக வந்திருப்பானோ? இல்லை, குட்டி மீதே ஏறி இன்னும் மோசமாகப் போயிருக்குமோ? இரவில் ஒரு பக்கம் தோன்றும், காலையில் மறுபக்கம் தோன்றும். ஒரு மரை கடந்தால் பின்னால் இன்னொன்று வரும், அதனால் நின்று பார்த்துவிட்டுப் போ என்று யாராவது அவனுக்குச் சொல்லியிருக்கலாம். நானும்தான்.

அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. பார்க்கப் போனபோது பிளேன்டீ கொடுத்தார், வெல்லத் துண்டோடு. முன்பே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் எனக்குப் பதில் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

இந்த வருடத் துப்புரவுப் பட்டியல் வந்துவிட்டது. அதே வளைவு, அதே புரட்டாசி. இந்த முறை நானே லயத்துக்கு ஏறிப்போய்க் கேட்டேன், என்ன செய்யலாம் அக்கா என்று. அவர் வாசலில் நின்று கீழே புல்லையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெட்டாட்டியும் பயமாத்தான் சேர் இருக்கு. பிள்ளைகள் டியூஷன் முடிஞ்சு இருட்டுல நடந்து வருதுகள்."

போர்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டியல் இன்னும் கையெழுத்துப் போடாமல் என் பையில்தான் இருக்கிறது.