கடல் தின்ற மணலுக்கு வானத்தைக் கைகாட்டலாமா?

புவி வெப்பமடைந்து வருகிறது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அடித்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்ததைக் கண்ட கடலூர் வட்டாரத்தில், கடலையும் காற்றையும் அலட்சியமாகப் பேசுபவர் எவரும் இல்லை. என் ஐயமெல்லாம் அந்த அச்சத்தின் பெயரால் நம்மிடம் விற்கப்படும் பொருள்களின் மீதும், அதே பெயரைச் சொல்லித் தட்டிக்கழிக்கப்படும் பொறுப்புகளின் மீதும்தான்.

எங்கள் பக்கத்துத் திருமணங்களில் தாம்பூலம் போட்டுத் தரும் பையையே எடுத்துக்கொள்வோம். பார்வைக்குத் துணி போலவே இருக்கும். மணமக்களின் பெயருக்குக் கீழே சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற வாசகமும் இருக்கும். அதன் ஓரத்தைச் சற்று நெருப்பில் காட்டினால், பருத்தியைப் போலச் சாம்பலாகாமல், உருகிச் சுருண்டு, கெட்டியான சிறு மணியாக நிற்கும். அது நெய்யப்படாத பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்கேதான். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலில் அதுவும் உண்டு. ஆனாலும் வாங்குபவர் நல்லது செய்த நிறைவோடுதான் வாங்குகிறார்.

உண்மையான பருத்திப் பையும் கையில் எடுத்த உடனே புண்ணியம் சேர்த்துவிடுவதில்லை. ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட அது புவி வெப்பத்தைக் குறைவாகக் கூட்ட வேண்டுமானால், குறைந்தது 131 முறை பயன்பட வேண்டும் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. மஞ்சப்பையைக் கிழியும்வரை வைத்திருந்த நம் பெரியவர்களுக்கு அந்தக் கணக்கு தானாகவே நேர்பட்டது. கருத்தரங்குக்கு ஒன்று, துணிக்கடைக்கு ஒன்று என வாங்கி அலமாரியில் அடுக்குபவர்களுக்கு நேர்படாது.

தனிமனிதரிடம் கண்டிப்புக் காட்டும் கொள்கை பெரிய இடங்களில் இளகிவிடுகிறது. 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை, அதாவது வெளியிடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலையை, எட்டுவோம் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்தது. 2023 ஜூலையில், நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணிக்காக, வளையமாதேவியில் நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது கடற்கரை. புதுச்சேரிக்கு வடக்கே தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் பகுதிகளில் கரை அரிக்கும்போதெல்லாம் பருவநிலை மாற்றம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கடல்மட்டம் உயர்வது உண்மை, ஆனால் அது ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவில்தான். இங்கே நடந்தது வேறு. இக்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் ஒரு பகுதி திரும்பி வந்தாலும், ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் வடக்கு நோக்கிய ஓட்டமே மிகுதி. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக எழுப்பிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் தேங்கியது. வடக்கே நகரத்தின் மணல்வெளி கரைந்துபோய், அதைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். பாறை முடிந்த இடத்துக்கு அப்பால் அரிப்பு நகர்ந்து, மாநில எல்லையையும் தாண்டி, மீனவர் குப்பங்களின் வாசலுக்கு வந்தது. 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் அமைத்த செயற்கைத் திட்டு நகரத்துக் கடற்கரையில் மீண்டும் மணலைச் சேர்த்தது. காரணத்தைச் சரியாகக் கண்டறிந்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு அதைவிட அருகில் சான்று வேண்டியதில்லை.

துறைமுக வாயிலுக்குத் தெற்கே தேங்கும் மணலில் ஆண்டுதோறும் எத்தனை கன மீட்டர் வடக்கே கொண்டு சேர்க்கப்படுகிறது என்ற கணக்கைப் புதுச்சேரி அரசும் தமிழக அரசும் சேர்ந்து குப்பத்து மக்கள் முன் வைக்க வேண்டும். அது வைக்கப்படும்வரை, வீட்டு வாசலைக் கடலுக்குக் கொடுத்தவர்களிடம் பருவநிலையைக் காரணம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.